வைக்கிங் என்றால் கொள்ளை மட்டும்தானா? இங்கிலாந்திலேயே தங்கிவிட்டவர்கள் பற்றி

ஊஸ்கரையான்

வைக்கிங் பேச்சு வந்தாலே எல்லார் மனதிலும் ஒரே காட்சிதான் ஓடுகிறது. நீளக் கப்பல் கரை தட்டும், மடம் எரியும், துறவிகள் சிதறி ஓடுவார்கள், வெள்ளிப் பாத்திரமெல்லாம் மூட்டைக்குள் போகும். 793 ஜூன் 8 அன்று லிண்டிஸ்ஃபார்ன் தீவில் நடந்தது ஏறக்குறைய அதுதான், மறுக்கவில்லை. யார்க்கில் படித்து வளர்ந்து பிராங்கிய அரசன் சார்லமேனின் அரசவைக்குப் போன அல்குயின் என்ற அறிஞர், அந்தத் தீவு இருந்த வட இங்கிலாந்து ராஜ்ஜியமான நார்தம்பிரியாவின் அரசனுக்கு எழுதிய கடிதத்தில் பிரிட்டன் இதுவரை காணாத பயங்கரம் என்று புலம்பியிருக்கிறார். அதே கடிதத்தில் இன்னொன்றும் உண்டு, அதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. முடியிலும் தாடியிலும் நீங்களே அந்தப் புறச்சமயத்தாரைப் பார்த்துத்தானே நகல் செய்தீர்கள் என்று அரசனையே கடிந்துகொள்கிறார். கொள்ளைக்கு முன்பே இரண்டு தரப்புக்கும் பழக்கம் இருந்திருக்கிறது. சிகையலங்காரத்தைப் பார்த்து நகல் செய்கிற அளவுக்கு!

நான் பேச விரும்புவது அதற்கு எண்பது ஆண்டு கழித்து நடந்ததை. 865இல் ஒரு பெரும் வைக்கிங் படை ஈஸ்ட் ஆங்கிலியாவில் இறங்கியது. குதிரைகளை வாங்கிக்கொண்டு வடக்கே போய் 866 நவம்பரில் யார்க்கைப் பிடித்தது. பிறகு பத்தாண்டு நாடு முழுக்கச் சுற்றியது. 876ஆம் ஆண்டுக்கான ஆங்கிலோ-சாக்சன் ஆண்டுக்குறிப்பில் போகிற போக்கில் ஒரு வரி வருகிறது: படைத்தலைவன் ஹால்ஃப்டான் நார்தம்பிரியர்களின் நிலத்தைத் தன் ஆட்களுக்குப் பங்கிட்டான், அவர்கள் உழுது பிழைக்கத் தொடங்கினார்கள். அவ்வளவுதான். ஆனால் என்னைக் கேட்டால் இங்கிலாந்து வரலாற்றில் லிண்டிஸ்ஃபார்னைவிட இந்த வரிக்குத்தான் எடை அதிகம். இன்றுவரை அந்த நாட்டின் அன்றாட வாழ்க்கையில் ஒட்டிக்கொண்டிருப்பது வாள் பிடித்தவன் விட்டதைவிட ஏர் பிடித்தவன் விட்டதுதான் என்பது என் கட்சி. எதிர்க்கட்சிக்காரர்கள் வரலாம்.

தேர்ப்பாகன்

வந்துவிட்டேன். உழுதார்கள், சரி. யாருடைய நிலத்தை உழுதார்கள்? 867 மார்ச்சில் யார்க்கை மீட்க வந்த ஆஸ்பெர்ட், ஏல்லா என்ற இரண்டு அரசர்களையும் ஒரே நாளில் வெட்டிப் போட்டவர்கள் இவர்கள். 869இல் ஈஸ்ட் ஆங்கிலிய அரசன் எட்மண்டையும் கொன்றார்கள். மெர்சிய அரசன் பர்க்ரெட் நாட்டையே விட்டு ரோமுக்குப் போய்விட்டான். முன்பிருந்த நாலு ராஜ்ஜியங்களில் வெஸ்ஸெக்ஸ் ஒன்றுதான் முழுதாகத் தப்பியது. அதுவும் 878 தொடக்கத்தில் அதன் அரசன் ஆல்ஃபிரெட் சிப்பன்ஹாமிலிருந்து தப்பி ஏதெல்னி சதுப்பு நிலத்தில் ஒளிந்துகொண்டதால் தப்பியது. அயர்லாந்தில் வைக்கிங்குகள் நடத்திய டப்ளின் அடிமைச் சந்தையையும் மறந்துவிடாதீர்கள். வெள்ளியைப் போலவே ஆள்களும் சரக்கு. இந்தக் கணக்கையெல்லாம் தள்ளிவைத்துவிட்டு 'உழுது பிழைத்தார்கள்' என்று மட்டும் சொன்னால் எனக்கு இடிக்கிறது.

ஊஸ்கரையான்

தள்ளிவைக்கச் சொல்லவில்லை பாகன். கைப்பற்றிய நிலம்தான். ஆனால் அதே காலத்தில் பிரான்ஸ் ஆறுகளில் ஏறிய கூட்டங்கள் பல, பணம் வாங்கிக்கொண்டு அடுத்த ஆற்றுக்குப் போய்விட்டன. இங்கே மட்டும் ஏன் ஆயிரக்கணக்கில் தங்கினார்கள், தங்கியவர்கள் ஊர்க்காரர்களோடு எப்படிக் கலந்தார்கள் என்பதுதான் என் கேள்வி.

கப்பற்கிறுக்கு

தங்கியதைப் பேசும் முன் எப்படி உள்ளே வந்தார்கள் என்று பார்ப்போம். என் துறை இது, கொஞ்சம் இடம் கொடுங்கள்.

நார்வேயில் 1880இல் தோண்டியெடுத்த கோக்ஸ்டாட் கப்பலின் நீளம் சுமார் 23 மீட்டர். இவ்வளவு பெரிய கப்பல் தண்ணீரில் மூழ்கும் ஆழம் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான், இடுப்பளவு தண்ணீர். ஓக் மரத்தைச் சட்டமாக அறுக்காமல் ஆப்பு வைத்துப் பிளந்து பலகை எடுப்பார்கள். மரத்தின் நார் அறுபடாததால் பலகை மெல்லியதாக இருந்தாலும் வளைந்து கொடுக்கும். ஒரு பலகையின் விளிம்பு அடுத்ததன் மேல் ஏறி நிற்க, இரும்பு ஆணியால் இறுக்கி, இடையில் தாரில் தோய்த்த கம்பளி நூலைத் திணிப்பார்கள். அலை அடிக்கும்போது கப்பலே மெல்ல முறுக்கிக்கொள்ளும், உடையாது. பாயும் கம்பளியில் நெய்ததே. பெரிய கப்பலுக்கான பாய்க்கு நூல் நூற்று நெய்து முடிக்கப் பல பெண்களின் வருடக்கணக்கான உழைப்பு போயிருக்கும். கப்பல் கட்டியவனைப் பாடியவர்கள் அவர்களைப் பாடவில்லை.

இடுப்பளவு தண்ணீர் போதும் என்றால் இங்கிலாந்தின் பெரிய ஆறுகள் எல்லாம் ராஜபாட்டைதான். ஹம்பர் முகத்துவாரத்தில் நுழைந்து ஊஸ் ஆற்றில் ஏறினால் யார்க். ட்ரென்ட் ஆற்றில் திரும்பினால் டார்க்ஸி, நாட்டிங்ஹாம், ரெப்டன். கடற்கரையில் காவல் போட்டுப் பயனில்லை. நாட்டின் நடுவயிற்றில் போய் இறங்கிவிடுவார்கள்.

டென்மார்க்கில் ராஸ்கில்டே கடற்கழியில் எடுத்த கப்பல்களில் ஒன்று 30 மீட்டர், 60 துடுப்பு. மரத்தைச் சோதித்தபோது 1042 வாக்கில் டப்ளினில் கட்டியது என்று தெரிந்தது. அதைப் போலவே ஒன்று செய்து 2007இல் ராஸ்கில்டேயிலிருந்து டப்ளினுக்கு ஓட்டிப் பார்த்தார்கள், போய்ச் சேர்ந்தது.

மண்வெட்டி

ட்ரென்ட் என்று சொன்னதும் கை துறுதுறுக்கிறது. படை எவ்வளவு பெரியது என்று ரொம்ப நாளாகச் சண்டை. 1960களில் பீட்டர் சாயர் என்ற வரலாற்றாசிரியர், துறவிகள் பயத்தில் ஊதிப் பெருக்கியிருக்கிறார்கள், சில நூறு பேர்தான் இருக்கும் என்று வாதாடினார். ரெப்டனில் தோண்டியதும் முதலில் அவருக்குச் சாதகமாகவே பட்டது. 873-74 குளிர்காலத்தில் படை தங்கிய ஊர் அது. தேவாலயத்தைச் சேர்த்து ஆங்கில 'டி' எழுத்து வடிவில் ஒரு கோட்டை அகழி கிடைத்தது. உள்ளே இருந்த இடம் மிகச் சின்னது.

அப்புறம் டார்க்ஸி வந்து கணக்கை மாற்றியது. அதற்கு முந்தைய ஆண்டுக் குளிர்கால முகாம் அது. உலோகம் தேடும் கருவியோடு வயலில் நடந்தவர்கள் பல ஆண்டுகளாகச் சேர்த்ததை ஆய்வாளர்கள் ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். முகாமின் பரப்பு 55 ஹெக்டேர் வரும். நூற்றுக்கு மேற்பட்ட அரபு திர்ஹம் காசுத் துண்டுகள், வெட்டிய வெள்ளி, எடைக்கற்கள், ஈயத்தில் செய்த விளையாட்டுக் காய்கள், உருக்கு வேலைக் கழிவு, நூற்கும் தக்களிக் குண்டுகள். குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து சொக்கட்டான் மாதிரி ஏதோ விளையாடியிருக்கிறார்கள், கொள்ளைச் சரக்கை உருக்கிப் பங்கு போட்டிருக்கிறார்கள், நூல் நூற்றிருக்கிறார்கள். இது ஆயிரக்கணக்கானோர் தங்கிய ஒரு தற்காலிக ஊர். தக்களி இருக்கிறது என்றால் பெண்களும் இருந்திருக்கிறார்கள் என்றே நான் நினைக்கிறேன்.

ரெப்டனில் இன்னொரு கதையும் உண்டு. பாதிரியார் வீட்டுத் தோட்டத்தில் ஒரு மேட்டுக்குள் குறைந்தது 264 பேரின் எலும்புகள். படையோடு தொடர்புடையவை என்று தோண்டியவர்கள் சொன்னார்கள், ஆனால் கார்பன் காலக்கணிப்பு சிலரை நூறு இருநூறு ஆண்டு முன்னால் கொண்டுபோய் வைத்தது. காரணம் சாப்பாடு. கடல் மீன் நிறையத் தின்றவர் எலும்பில் பழைய கார்பன் ஏறிவிடும், வயது கூடிக் காட்டும். அதைத் திருத்திக் கணக்கிட்டு 2018இல் வெளியிட்ட முடிவில் எல்லாம் 9ஆம் நூற்றாண்டுக்கே வந்து சேர்ந்தன.

தேர்ப்பாகன்

மீன் தின்றதால் நூறு வயது கூடியதா! சரி, ஆயிரக்கணக்கில் வந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதுவே என் கட்சிக்குத்தான் பலம். ஆயிரக்கணக்கில் வந்தவன் கையைக் கட்டிக்கொண்டா நின்றிருப்பான்?

மட்டுறுத்துனர்

தொலைக்காட்சித் தொடரில் யார் யாரைக் கொன்றார் என்ற பேச்சுக்குத் தனி இழை இருக்கிறது. இங்கே போட்ட மூன்று பதிவுகளை அங்கே நகர்த்தியிருக்கிறேன். இங்கே வரலாறு மட்டும்.

டார்பிக்காரி

நான் டார்பியில் குடியிருக்கிறேன். இந்த ஊரின் பழைய ஆங்கிலப் பெயர் நார்த்வொர்த்தி. டேனியர்கள், அதாவது டென்மார்க் பக்கத்து வைக்கிங்குகள், வந்து டார்பி ஆக்கினார்கள், அதுவே நிலைத்துவிட்டது. டார்பி, லெஸ்டர், லிங்கன், நாட்டிங்ஹாம், ஸ்டாம்ஃபோர்ட் ஐந்தும் அவர்களுடைய 'ஐந்து கோட்டை ஊர்கள்'. இதில் ஸ்டாம்ஃபோர்டைத் தவிர மற்ற நாலும் பின்னால் மாவட்டத் தலைநகர் ஆகிவிட்டன.

விடுமுறையில் லிங்கனிலிருந்து ஸ்கெக்னெஸ் கடற்கரைக்குக் காரில் போகும் சாலையில் பலகைகளைப் பார்த்துக்கொண்டே போங்கள். ராக்பி வரும். கொஞ்ச தூரம் போனால் கேண்டில்ஸ்பி, அடுத்து கன்பி, பக்கத்தில் ஸ்பில்ஸ்பி. 'பி' என்று முடிந்தால் டேனிய மொழியில் ஊர். லிங்கன்ஷயரில் மட்டும் இப்படி இருநூறுக்கு மேல் இருக்கின்றன. முன்பாதி பெரும்பாலும் ஓர் ஆளின் பெயர். கிரிம்ஸ்பி என்றால் கிரிம் என்பவனின் ஊர். 'தார்ப்' என்று முடிந்தால் பெரிய ஊரிலிருந்து பிரிந்த சிற்றூர்: ஸ்கந்தார்ப், மேபிள்தார்ப். வடமேற்கே மலைப்பக்கம் போனால் 'த்வெய்ட்', அதாவது காடு வெட்டித் திருத்திய நிலம். பழைய ரோமானியச் சாலையான வாட்லிங் தெருவைத் தாண்டித் தெற்கே இறங்கிவிட்டால் இந்தப் பலகைகள் ஏறக்குறைய நின்றுவிடும். ஆல்ஃபிரெடும் டேனிய அரசன் குத்ருமும் போட்ட ஒப்பந்தத்தின் எல்லை, தேம்ஸ், லீ ஆறு, பெட்ஃபோர்ட், ஊஸ் என்று போய்க் கடைசியில் சேரும் இடம் அந்த வாட்லிங் தெருதான். இந்த ஊஸ் யார்க் ஊஸ் இல்லை, வேறு ஆறு.

வாத்தியார்_ஓய்வு

முப்பது வருடம் ஆங்கிலம் கற்றுக்கொடுத்தவன் என்ற முறையில் என் பங்குக்கு. மேலே ஒருவர் தேர்ஸ்டே, வெட்னஸ்டே எல்லாம் வைக்கிங் தெய்வங்களின் பெயர் என்று எழுதி, பிறகு நீக்கியிருக்கிறார். வலை முழுக்க இந்தச் செய்தி சுற்றுகிறது. அந்தக் கிழமைப் பெயர்கள் வைக்கிங் வருவதற்கு முன்பே ஆங்கிலேயர் வைத்திருந்தவை. வோடன், துனோர் எல்லாம் அவர்களுடைய சொந்தப் பழைய தெய்வங்கள். ஓடின், தோர் அவற்றின் பங்காளிகள், அவ்வளவுதான். கொம்பு வைத்த தலைக்கவசமும் அப்படித்தான். 1876இல் வாக்னரின் இசை நாடகத்துக்கு உடை வடிவமைத்தவர் மாட்டிவிட்ட கொம்பு இன்னும் கழலவில்லை.

உண்மையில் வந்த சொற்கள் ரொம்பச் சாதுவானவை. ஸ்கை, ஸ்கின், லெக், நைஃப், விண்டோ, ஹஸ்பண்ட், எக், டேக், ராங், அக்லி, ஆங்கர் (கோபம்). எல்லாவற்றுக்கும் மேலாக 'தே', 'தெம்', 'தேர்'. அவர்கள், அவர்களை, அவர்களுடைய. ஒரு மொழி பக்கத்து மொழியிலிருந்து அரிசிக்கும் துணிக்கும் பெயர் வாங்குவது சகஜம். படர்க்கைச் சுட்டுப்பெயரையே வாங்குவது அபூர்வம். ஆண்ட ஜாதியின் மொழி என்றால் அரண்மனைச் சொல்லும் நீதிமன்றச் சொல்லும் இறங்கும். பின்னால் 1066இல் பிரான்சிலிருந்து வந்த நார்மன்களின் பிரெஞ்சு அப்படித்தான் இறங்கியது. அடுப்படிச் சொல்லும் 'அவர்கள்' என்ற சொல்லும் மாறவேண்டும் என்றால் ஒரே தெருவில் குடியிருந்து, பெண் கொடுத்து எடுத்து, ஒரு தலைமுறை பிள்ளைகள் இரண்டையும் கலந்து பேசியிருக்க வேண்டும்.

கேக்ஸ்டன் என்பவர் இங்கிலாந்தின் முதல் அச்சகக்காரர். 1490 வாக்கில் ஒரு நூலுக்கு எழுதிய முன்னுரையில் ஒரு வேடிக்கையைச் சொல்கிறார். தேம்ஸ் ஆற்றில் காற்று விழுந்து கப்பல் நகராமல் நிற்கிறது. வியாபாரிகள் சிலர் கரையிறங்கி ஒரு வீட்டில் சாப்பாடு கேட்கிறார்கள். ஒருவன் முட்டைக்கு 'எக்ஸ்' என்கிறான், அது வடக்கே பரவிய டேனியச் சொல். வீட்டுக்கார அம்மாள், எனக்குப் பிரெஞ்சு தெரியாது என்கிறாள். அவனுக்குக் கோபம், எனக்கு மட்டும் தெரியுமா! கடைசியில் இன்னொருவன் 'எய்ரென்' என்று தெற்கத்திச் சொல்லில் கேட்டதும் அவளுக்குப் புரிகிறது. வைக்கிங் காலம் முடிந்து நானூறு ஆண்டுக்கு மேல் ஆகியும் முட்டை தேம்ஸைத் தாண்டவில்லை.

மழைக்கோட்டு

பெண் கொடுத்து எடுத்தார்கள் என்றீர்கள். வந்தவர்களில் பெண்கள் இல்லாவிட்டாலும் அது நடக்குமே ஐயா?

மண்வெட்டி

நடக்கும். ஆனால் பெண்களும் வந்தார்கள். லிங்கன்ஷயர், நார்ஃபோக் வயல்களில் கிடைத்த ஸ்காண்டிநேவிய வகை உடை ஊசிகள் நூற்றுக்கணக்கில் பதிவாகியிருக்கின்றன. அதில் பல ஆங்கிலப் பெண்கள் அணியும் முறைக்கு ஒத்துவராதவை. ஊசியும் கொக்கியும் பின்பக்கம் பொருத்தியிருக்கும் விதமே வேறு. அந்த ஊர் உடையை உடுத்தியவள்தான் அதை வாங்குவாள்.

இரண்டு மோஸ்தரும் கலந்த ஊசிகளும் நிறைய. ஸ்காண்டிநேவியக் கோலம், ஆங்கிலத் தட்டை வட்ட வடிவம், ஆங்கிலக் கொக்கி. பட்டறைக்காரன் இரண்டு வாடிக்கையாளரையும் விடவில்லை.

ஆண்கள் பக்கமும் ஒரு சேதி. 13ஆம் நூற்றாண்டில் ஜான் ஆஃப் வாலிங்ஃபோர்ட் பெயரில் உள்ள குறிப்பு ஒன்று டேனியர்கள் மேல் வைக்கும் குற்றச்சாட்டு: தினமும் தலை வாரினார்கள், சனிக்கிழமைதோறும் குளித்தார்கள், உடை மாற்றினார்கள், அதனால் ஆங்கிலேயரின் மனைவிமார் மயங்கிப்போனார்கள். பிற்காலத்து வம்புதான், ஆனால் மான்கொம்புச் சீப்புகள் தோண்டுமிடமெல்லாம் வருவதைப் பார்த்தால் சீப்பு விஷயத்தில் நம்பலாம்.

ஊஸ்கரையான்

சீப்பு என்றால் யார்க்தான். 1976 முதல் 1981 வரை காப்பர்கேட் என்ற தெருவில் தோண்டினார்கள். மண் ஈரம் காயாமல் காற்றுப் புகாமல் இருந்ததால் மரம், தோல், துணி எதுவும் மக்கவில்லை. நீளவாக்கில் ஒடுங்கிய மனைகள், தெருவைப் பார்த்துப் பட்டறை, பின்னால் கக்கூஸ் குழி, குப்பைக் குழி. கடைசல் பிடித்த மரக் கோப்பைகளும், கடைந்தபின் நடுவில் மிஞ்சிய மரக் கட்டைகளும் ஏராளம். தெருவின் பெயரே கோப்பை செய்வோர் தெரு. 'கேட்' என்றால் இங்கே வாசல் இல்லை, தெரு. பட்டுக் குல்லாய் ஒன்று, ஒற்றை ஊசியில் முடிச்சுப்போட்டுப் பின்னிய கம்பளிக் காலுறை ஒன்று, செங்கடல் சோழி, சாமர்கண்ட் திர்ஹம். அந்தத் திர்ஹம் கள்ளக்காசு! அவ்வளவு தூரம் வந்து ஏமாந்தவன் யாரோ.

பக்கத்திலேயே 1972இல் ஒரு வங்கிக் கட்டடத்துக்கு அஸ்திவாரம் தோண்டும்போது கிடைத்தது உலகப் புகழ் பெற்ற மலம். சிரிக்காதீர்கள். 20 சென்டிமீட்டர் நீளத்தில் கல்லாகிப்போனது. சோதித்ததில் தின்றது இறைச்சியும் ரொட்டியும் என்று தெரிந்தது. காய்கறி வாசனையே இல்லை. வயிற்றில் சாட்டைப்புழு, உருண்டைப்புழு முட்டைகள் ஆயிரக்கணக்கில். 1984இல் யார்க்கில் திறந்த வைக்கிங் அருங்காட்சியகமான யோர்விக் மையத்துக்குப் போனால் கண்ணாடிப் பெட்டியில் பார்க்கலாம். 2003இல் கீழே விழுந்து மூன்று துண்டாகி, ஒட்டி வைத்திருக்கிறார்கள்.

மழைக்கோட்டு

ஆயிரம் வருடம் கழித்து ஒட்டி வைத்துக் காட்சிக்கு வைப்பார்கள் என்று அன்றைக்கு அந்த ஆளிடம் யாராவது சொல்லியிருந்தால்…

சட்டைப்பை

சட்டம் படித்தவன் என்பதால் இதையும் சேர்க்கிறேன். 'லா' என்ற சொல்லே அங்கிருந்து வந்தது, அதைவிட அமைப்புகள் சுவாரசியமானவை. தெற்கே உள்ளூர் நிர்வாகப் பிரிவுக்குப் பெயர் 'ஹண்ட்ரட்'. டேனியர் பகுதியில் 'வேபன்டேக்', ஆயுதத்தை உயர்த்திச் சம்மதம் சொல்லும் சபையிலிருந்து வந்த பெயர். யார்க்ஷயரை மூன்றாகப் பிரித்து ஒவ்வொன்றையும் 'ரைடிங்' என்றார்கள், மூன்றில் ஒரு பங்கு என்று பொருள். வடக்கு, கிழக்கு, மேற்கு உண்டு, தெற்கு இல்லாததற்குக் காரணம் அதுவே. 1974இல் நிர்வாகச் சீரமைப்பில் ரைடிங்கை ஒழித்தார்கள். கிழக்கு ரைடிங் மக்கள் விடவில்லை, 1996இல் பெயர் திரும்பி வந்தது.

எதெல்ரெட் அரசன் 997 வாக்கில் வான்டேஜில் வெளியிட்ட சட்டம் டேனியர் பகுதிக்கானது. ஒவ்வொரு வேபன்டேக்கிலும் மூத்த பெரியவர்கள் பன்னிரண்டு பேர் புனிதப் பொருளைத் தொட்டு, குற்றமற்றவனைக் குற்றம்சாட்ட மாட்டோம், குற்றவாளியை மறைக்க மாட்டோம் என்று சத்தியம் செய்ய வேண்டும். இன்றைய ஜூரி முறையின் வேர் இதுதானா என்று சண்டை ஓய்ந்தபாடில்லை. நார்மன்கள் கொண்டுவந்த விசாரணை முறைதான் நேரடித் தாய் என்பார் பலர். நானும் அந்தப் பக்கம்தான், ஆனால் பன்னிரண்டு பேர் சத்தியம் செய்யும் பழக்கம் ஊரில் ஏற்கெனவே இருந்தது புதியதை ஏற்க வசதியாக இருந்திருக்கும்.

ஊஸ்கரையானின் ஏர்க் கட்சிக்கும் ஒரு சாட்சி. வரி போடத் தெற்கே நிலத்தை 'ஹைட்' கணக்கில் அளந்தார்கள், அது ஒரு குடும்பம் பிழைக்கும் நிலம். டேனியர் பகுதியில் 'காருகேட்', எட்டு மாடு பூட்டிய ஏர் ஒன்று ஆண்டில் உழும் நிலம். 1086இல் நார்மன்கள் எடுத்த டூம்ஸ்டே கணக்கிலும் இந்த வித்தியாசம் அப்படியே இருக்கிறது. அதே கணக்கில் லிங்கன்ஷயரில் பதிவான குடியானவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் 'சோக்மென்', ஓரளவு சுதந்திரமான உழவர்கள். மற்ற பெரும்பாலான மாவட்டங்களில் அந்த விகிதம் கிடையாது. அது டேனியர் கொடுத்த சுதந்திரமா, முன்பே இருந்ததா என்பது வேறு வழக்கு.

தேர்ப்பாகன்

எல்லாரும் சேர்ந்து சம்பந்தி விருந்து மாதிரி ஆக்கிவிட்டீர்கள். நான் மறுபடி சத்தம் போடுகிறேன்.

1002 நவம்பர் 13, செயின்ட் பிரைஸ் நாள். இங்கிலாந்தில் இருக்கும் டேனியரையெல்லாம் கொல்லச் சொல்லி எதெல்ரெட் ஆணையிட்டான். ஆக்ஸ்ஃபோர்டில் டேனியர்கள் புனித ஃப்ரிடெஸ்வைட் தேவாலயத்துக்குள் ஓடி ஒளிந்தார்கள். ஊர்க்காரர்கள் தேவாலயத்தோடு வைத்துக் கொளுத்தினார்கள். இரண்டு ஆண்டு கழித்து அதே தேவாலயத்துக்கு எழுதிக்கொடுத்த சாசனத்தில் அரசனே இதைச் சொல்கிறான். கோதுமைக்கு நடுவே முளைத்த களை என்று அந்த மக்களைக் குறிப்பிடுகிறான், கூச்சமே இல்லாமல். 2008இல் அதே நகரத்தில் செயின்ட் ஜான்ஸ் கல்லூரி வளாகத்தில் முப்பதுக்கு மேற்பட்ட இளம் ஆண்களின் எலும்புகள் ஒரு பள்ளத்தில் கிடைத்தன. முதுகில் வெட்டு, சிலவற்றில் தீக்காயம். அந்த நாளில் செத்தவர்கள்தானா என்பதில் பேச்சு இருந்தாலும், அதில் ஒருவனும் டென்மார்க்கின் ஃபூனென் தீவில் புதைக்கப்பட்ட ஒருவனும் நெருங்கிய ரத்த உறவு என்று மரபணு காட்டியது. நூற்றிருபது ஆண்டு கலந்து வாழ்ந்த பிறகும் இது நடந்ததே, அதற்கு என்ன பதில்?

ஊஸ்கரையான்

பதில் என்று மழுப்ப வரவில்லை, நடந்தது படுகொலை. ஆனால் எங்கே நடந்தது என்று பாருங்கள். ஆக்ஸ்ஃபோர்ட் எல்லைக்குத் தெற்கே, ஆங்கிலேயர் பெரும்பான்மை உள்ள ஊர். யார்க்கிலும் லிங்கனிலும் அந்த ஆணையை நிறைவேற்ற நினைத்தாலும் முடியாது. அங்கே டேனியன் யார், ஆங்கிலேயன் யார் என்று எப்படிப் பிரிப்பீர்கள்? எதெல்ரெட்டின் கோபம் 876இல் குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகள் மேல் இல்லை. புதிதாக வந்த கூலிப்படைகள், வியாபாரிகள் மேல் என்றே நான் படித்தவர்கள் பெரும்பாலும் சொல்கிறார்கள். தேவாலயத்தில் எரிந்தவர்களுக்கு இந்த வித்தியாசத்தால் ஒரு பயனும் இல்லை என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

காசுக்காரன்

அந்தக் கோபத்துக்குப் பின்னால் பணம் இருக்கிறது. 991இல் மால்டன் போரில் தோற்றபின் ஆங்கிலேயர் வைக்கிங்குகளுக்குக் கொடுத்த கப்பம் 10,000 பவுண்டு வெள்ளி. 994இல் 16,000. 1002இல் 24,000. 1007இல் 36,000. 1012இல் 48,000. கடைசியில் டேனியனான கனூட் இங்கிலாந்துக்கு அரசனாகி 1018இல் வசூலித்தது 72,000, லண்டன் மட்டும் தனியாக 10,500. ஆண்டுக்குறிப்பு தரும் எண்கள் இவை. மிகைப்படுத்தல் என்பாரும் உண்டு. ஆனால் ஸ்வீடன் மண்ணில் ஆங்கிலப் பென்னி பல்லாயிரக்கணக்கில் கிடைக்கிறது. ஸ்வீடனில் உப்லாந்து பகுதியில் ஊல்ஃப் என்பவன் நினைவாக நட்ட, ரூன் என்ற பழைய எழுத்தில் பொறித்த கல் ஒன்று இருக்கிறது. அவன் இங்கிலாந்தில் மூன்று தடவை கப்பம் வாங்கியவன், முதலில் அவனுக்குப் பங்கு கொடுத்த படைத்தலைவன் டோஸ்டி, பிறகு தோர்கெல், பிறகு கனூட் என்று அதில் வரிசையாகப் பொறித்திருக்கிறார்கள். வாங்கிய சம்பளத்தைக் கல்லிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள்!

பாகன் அண்ணாவுக்கு ஒரு துணைக்கேள்வி. கப்பம் வசூலிக்க ஒவ்வொரு மாவட்டத்திலும் நிலக்கணக்கு, காசடிக்கும் பட்டறை, வசூல் அதிகாரி எல்லாம் தேவை. ஐரோப்பாவில் அன்று வேறு எந்த அரசனாலும் இவ்வளவு வெள்ளியைத் திரட்டியிருக்க முடியுமா? கொடுக்க வைத்த கொள்ளைக்காரனே இங்கிலாந்து அரசை வலுப்படுத்தவும் காரணம்.

தேர்ப்பாகன்

திருடன் வந்ததால் பூட்டு நன்றாக அமைந்தது என்கிறீர்கள். ஒப்புக்கொள்கிறேன், ஆனால் திருடனுக்கு மாலை போட மாட்டேன்.

மழைக்கோட்டு

மரபணு என்ன சொல்கிறது? அதைப் பார்த்தால் எத்தனை பேர் வந்தார்கள் என்று தெரிந்துவிடுமே.

மண்வெட்டி

அவ்வளவு லேசில் தெரியாது. 2015இல் பிரிட்டன் முழுக்க மாதிரி எடுத்து வந்த பெரிய ஆய்வு, டேனியக் குடியேற்றத்துக்குத் தனித்தடயம் தெரியவில்லை என்றது. 2020இல் பழைய எலும்புகள் 442 பேரிடமிருந்து எடுத்த மரபணுவை வைத்து வந்த ஆய்வு, இன்றைய பிரிட்டன் மக்களில் வைக்கிங் பங்கு சுமார் 6 சதவீதம் இருக்கலாம் என்றது. சிக்கல் என்னவென்றால், நானூறு ஆண்டு முன்னால் வந்த ஆங்கிள்கள் புறப்பட்ட இடமும் டென்மார்க்கின் காலடிதான். ஒரே ஊரிலிருந்து வந்த பெரியப்பா பிள்ளைகளையும் சித்தப்பா பிள்ளைகளையும் ரத்தத்தில் எப்படிப் பிரிப்பது? ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னி தீவுகளில் பிரித்துக் காட்ட முடிகிறது, ஏனென்றால் அங்கே வந்தவர்கள் நார்வேக்காரர்கள், கலந்தது வேறு மக்களோடு.

வாத்தியார்_ஓய்வு

இந்த நெருக்கம் மொழிக்கும் பொருந்தும். பழைய ஆங்கிலமும் டேனிய மொழியும் வேர்ச்சொல்லில் அண்டைவீடு, விகுதிகள்தான் வேறு. சந்தையில் பேசும்போது வேர் புரியும், வால் இடிக்கும். வாலை விட்டுவிட்டால் பேச்சு ஓடும். ஆங்கிலம் தன் வேற்றுமை விகுதிகளை உதிர்த்தது வடக்கேதான் முதலில் தெரிகிறது. இது மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன், அந்தப் போக்கு முன்பே தொடங்கியிருந்தது. ஆனால் வேகம் கூடியதற்கு இந்தக் கலப்பு ஒரு காரணம்.

சட்டைப்பை

1066ஐ யாரும் தொடவில்லையே. செப்டம்பர் 25, யார்க்குக்குப் பக்கத்தில் ஸ்டாம்ஃபோர்ட் பிரிட்ஜ். நார்வே அரசன் ஹரால்ட் ஹார்ட்ராடா 300 கப்பலில் வந்தான், மிஞ்சியவர்களைத் திருப்பி அனுப்ப 24 கப்பல் போதுமானதாக இருந்தது. அவனை ஜெயித்த ஆங்கில அரசன் ஹரால்ட் காட்வின்சன் மூன்று வாரத்துக்குள் ஹேஸ்டிங்ஸில் செத்தான். அவனுடைய தாய் கைதா டேனியப் பெண், அவனுடைய பெயரே ஸ்காண்டிநேவியப் பெயர். அவனை ஜெயித்த நார்மன் தலைவன் வில்லியமின் முன்னோன் ரோலோ, 911இல் பிரான்சில் நிலம் வாங்கிக்கொண்டு தங்கிய வைக்கிங். அந்த வருடம் மூன்று பக்கமும் ஒரே வம்சத்து வாசனைதான்.

மூட்டைமுடிச்சு

முழுவதும் படித்தேன். லண்டனில் இருக்கிறேன், ஒரு சனி ஞாயிறு கையில் இருக்கிறது. எதைப் பார்க்கலாம்?

ஊஸ்கரையான்

யார்க். கிங்ஸ் கிராஸிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரம். யோர்விக் மையத்துக்கு முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள், விடுமுறையில் வரிசை நீளும். ஞாயிறு ரெப்டன் போகலாம். தேவாலயத்துக்கு அடியில் உள்ள நிலவறை மெர்சிய அரசர்களைப் புதைத்த இடம், குனிந்து இறங்க வேண்டும். தோண்டியெடுத்த பொருள்களில் பல டார்பி அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. டார்க்ஸிக்குப் போகாதீர்கள், அது தனியார் வயல், பார்க்க ஒன்றும் இல்லை.

டார்பிக்காரி

பிப்ரவரியில் யார்க்கில் வைக்கிங் விழா நடக்கும், அந்த வாரம் அறை வாடகை எகிறிவிடும். கூட்டம் பிடிக்காது என்றால் மார்ச்சில் போங்கள். டார்பிக்கு வந்தால் தனிச்செய்தி போடுங்கள், எந்தக் கடையில் நல்ல தோசை கிடைக்கும் என்று சொல்கிறேன்.